டீயோடு ஒரு வலி மாத்திரை

டாக்டரம்மா, இன்று காலை காக்களூர் தொழிற்பேட்டை டீக்கடையில் பக்கத்தில் நின்றவன் அட்டையிலிருந்து வலி மாத்திரையைப் பிதுக்கினான். 'டப்'பென்ற அந்தச் சத்தத்தில் உங்கள் முகம் வந்து நின்றது.

இரும்பு வார்க்கும் பட்டறையில் கரித்தூளைத் தின்று வளர்ந்த உடம்பு எனது. வெளிக்குத் தார் மாதிரி கருப்பாகப் போனபோது, "உள்ள போன கரி வெளிய வருது மாமே, நல்லதுதான்" என்றார்கள் கூட்டாளிகள். நம்பினேன். கண் இருட்டி விழுந்த பிறகே திருவள்ளூருக்கு உங்களிடம் தூக்கி வந்தார்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தீர்கள்.

"இன்னாய்யா, வெள்ளையடிச்ச சுவரு மாதிரி கீறே?"

"அவ்ளோ கலரா நானு? ஊட்ல யாரும் சொல்லலியே!"

"கரி இல்லய்யா, ரத்தம். உள்ள எங்கியோ கசியுது."

ரத்தம் ஏற்றினீர்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை சுத்தம், பெருங்குடலும் சுத்தம். ஏற்றிய ரத்தமோ இறங்கிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரி என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தானே அது மாத்திரை? வேறொருவர் அதோடு விட்டிருப்பார். நீங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து கேள்வியை மாற்றினீர்கள்.

"காலைல டீயோட இன்னா சாப்புடுவே?"

"ஒரு பொறை ரொட்டி. அப்புறம் இடுப்பு வலி மாத்திரை. பட்டறைல எல்லாரும் போடறதுதான்."

தலையில் கை வைத்துச் சிரித்தீர்கள். "அடப்பாவி, அதான் உங்க நாஷ்டாவா?"

கேமரா வைத்த மாத்திரை ஒன்றை விழுங்கக் கொடுத்தீர்கள். "பொண்டாட்டியே பாக்காத எடத்தப் பாக்கப் போறீங்க" என்றேன். "அங்கியும் உன் வாய்தான் இருக்கும்" என்றீர்கள். இருந்தது வாய் இல்லை. சிறுகுடலில் வரிசையாகப் புண்கள், ஒன்றில் ரத்தம். நீளமான குழாயை அதுவரை செலுத்தி, கசிந்த இடத்தில் கிளிப் போட்டு அடைத்தீர்கள். வலி மாத்திரையை நிறுத்தியதும் மற்றவை ஆறின.

"நீ பொழச்சே. அந்த டீக்கடைல இன்னும் எத்தினி பேரு கரின்னு நெனச்சுக்கினு கீறாங்களோ" என்றீர்கள் கிளம்பும்போது.

போன மாதம் வந்தேன். உங்கள் நாற்காலியில் வேறொருவர். நீங்கள் இறந்ததை நர்ஸ் சொன்னபோது என் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

இன்று வந்தது. மாத்திரை பிதுக்கியவனிடம் கடையே கேட்கும்படி, "இன்னா தலைவா, கருப்பாப் போவுதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல அருகில் வந்து, "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான்.

அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தேன், டாக்டரம்மா. வெள்ளையடித்த சுவர். டீயைக் குடிக்கவிடாமல் ஆட்டோவில் ஏற்றினேன்.