கடைசிப் பெயருக்குக் கடைசி மார்க்

2003 ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது. ஒரு மாணவிக்கு மார்க் ஷீட் மறுபடி பிரிண்ட் எடுக்க, எங்கள் கம்ப்யூட்டர் சென்டரின் ஏப்ரல் ரிசல்ட் பட்டியலைத் திறந்தேன். வருகைப்பதிவு வரிசையில் 27 பேர். மார்க் 96, 94, 91... ஒவ்வொருவருக்கும் முந்தையவரைவிடக் குறைவு. கடைசிப் பெயர் யமுனா. 31. ஃபெயில்.

கீழே என் கையெழுத்து. இரண்டு மாதமாகக் கண்ணில் படவில்லை. அடச்சே.

ஜூன் 10

ஜாவா புரோகிராம் நான் எழுதியது. பெயர்கள் ஒரு அரே, அதாவது ஒரு வரிசை; மார்க்குகள் இன்னொரு அரே. மார்க் அரேக்கு முன்னால் ‘ஃபைனல்’ போட்டிருந்தேன், இனி யாரும் தொட முடியாதென்று. அது அரேயை வேறொன்றாக மாற்றத்தான் விடாது. உள்ளே இருக்கும் எண்களை யாரும் மாற்றலாம். ரேங்க் பட்டியல் போட நகல் கொடுக்காமல் அசலையே கொடுத்தேன். மார்க்கெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கப்பட்டன, பெயர்கள் இருந்த இடத்திலேயே. எண் இருந்த இடத்தில் எண்தான், பெயர் இருந்த இடத்தில் பெயர்தான். புரோகிராமில் பிழை பார்க்கும் கம்பைலர் வாயே திறக்கவில்லை.

விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். யமுனா 88. மறுபடி கூட்டினேன். 88.

ரிசல்ட் வந்த அன்று அவள், "நல்லாத்தான் எழுதுனேன் மிஸ், பேப்பரக் காட்டுங்க." நான், "கம்ப்யூட்டருக்கு உன் மேல என்ன கோவமா?"

அழுகை வரவில்லை. டீ ஆறிப்போனது.

ஜூன் 11

டைரக்டர்: "கமுக்கமா இரும்மா. திங்கக்கிழமை மதுரைக் கம்பெனி இன்டர்வியூ முடியட்டும்." பாஸானவர்களுக்கு மட்டுமான இன்டர்வியூ. முடியாது சார் என்றேன். யாரோ பேசுவதுபோல் இருந்தது.

செய்ய: புரோகிராமில் பெயரும் மார்க்கும் ஒன்றாகக் கட்டணும். வெளியே நகல் மட்டும். 27 பேருக்கும் புது ஷீட். தக்காளி, உளுந்து.

ஜூன் 13, வெள்ளி

வத்தலக்குண்டு பஸ், பிறகு சேவுகம்பட்டி. யமுனாவின் அம்மா மட்டும் வீட்டில். "ஃபெயிலானவள வீட்ல வச்சு என்ன செய்ய டீச்சரு? வேடசந்தூர்ப் பக்கம் மில்லுல விட்டுட்டோம். மூணு வருசம் அங்கனயே தங்கி வேலை பாக்கக் கையெழுத்துப் போட்டாச்சு."

தப்பு என்னுடையது என்று சொல்லிப் புது ஷீட்டைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தடவிப் பார்த்தார். "அம்புட்டும் அவ மார்க்கா?"

ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்களாம். நானும் வாரேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மில் கேட். அரை மணி நின்றோம். யமுனா வந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. எல்லாம் சொன்னேன். நாளைக்கு இன்டர்வியூ, கிளம்பி வா என்றேன். வாட்ச்மேன் பக்கம் பார்த்தாள். "விட மாட்டாக மிஸ்."

ஷீட்டை வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மடித்து அம்மா கையில் கொடுத்தாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.