அம்மா சொல்லும் சாலை

மார்ச் 4

அண்ணா,

இல்லை, நான் எதையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன்.

வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அப்பாதானே காரில் கூட்டிப்போகிறார். செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். தெருமுனை திரும்பியதும் அம்மா ஆரம்பித்தாள். "சிவப்பு, நில்லுங்க. ம், பச்சை. இடது பக்கம் சைக்கிள். லாரி நிக்குது, சுத்திப் போங்க." காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற குரல். சொன்னதையெல்லாம் அப்பா செய்தார்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அண்ணா.

அம்மாவிடம் கேட்டேன். "நடுவுல மட்டும்தான் மங்கலாம். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுதாம்" என்கிறாள். ஒரு வருஷமாக இப்படித்தானாம்.

நேற்று டிரைவிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. போன் செய்யாதே. இப்போதெல்லாம் அப்பாவுக்குப் பாம்புக் காது.

பயத்துடன்,
உன் தங்கை


மார்ச் 17

பயந்தாங்கொள்ளிக்கு,

சைக்கிளில் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளியவள் நீ. நீ கார் ஓட்டப்போகிறாய் என்பதைத்தான் என்னால் முதலில் நம்ப முடியவில்லை.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் மாட்டியதில்லை. வாடகைக் காரில் போகலாமே என்று போன வருஷம் சொல்லிப் பார்த்தேன். "ஊரையே ஏத்திட்டுப் போனவன்டா நான். என் பொண்டாட்டிய அடுத்தவன் வண்டியிலயா அனுப்புவேன்?" என்றார். சாவியைப் பிடுங்கினால் மனுஷர் படுத்துவிடுவார்.

செப்டம்பரில் லீவில் ஊருக்கு வருகிறேன். பக்குவமாக நானே பேசுகிறேன். அதற்குள் நீ லைசென்ஸ் வாங்கு. வேறு எதையும் கிளறாதே.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

டெஸ்டில் தோற்றுவிட்டேன்.

முதல் வாத்தியார் தேன் மாதிரிப் பேசுவார். "கிளட்சும்மா. மெதுவாம்மா. முன்னாடி ஆளு வருது, இப்ப பிரேக்கும்மா." பன்னிரண்டு வகுப்பு. எனக்கு ஓட்ட வந்துவிட்டது என்றே நினைத்தேன். டெஸ்டில் பக்கத்தில் இருந்த அதிகாரி வாயே திறக்கவில்லை. சிக்னல் வந்தது. சிவப்பைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். யாராவது சொல்லட்டும் என்று கால் காத்திருந்தது. அவர்தான் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். "யாரைக் கேட்டும்மா நிக்கணும்?" என்றார்.

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

இரண்டாவது வாத்தியார் ஒரே ஒரு நாள். நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க பஸ்ல போறதுதாங்க ஊருக்கு நல்லது" என்று சொல்லி இறங்கிக்கொண்டார். இப்போது சொல்லிக்கொடுப்பது ஒரு அம்மாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பினால், "என் மூஞ்சிய எதுக்குப் பாக்கற? ரோடு அங்க இருக்கு." மற்றபடி மௌனம். பயமாக இருக்கிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

வியாழக்கிழமை திரும்பி வரும் வழியில் அம்மா அசதியில் கண்ணசந்துவிட்டாளாம். குரல் நின்றதும் அப்பா நடுரோட்டிலேயே காரை நிறுத்திவிட்டார். பின்னால் வரிசையாக ஹாரன். அவள் விழிக்கும் வரை நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "பாவம், தூங்கட்டும்னு நிறுத்தினேன்" என்றார் என்னிடம்.

செப்டம்பர் ரொம்பத் தூரம், அண்ணா.

தங்கை


மே 6

அண்ணா,

போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இதற்காவது உடனே எழுது.

இன்று காரின் இடது கண்ணாடி மடங்கிக் கிடந்தது. அம்மாவை அடுப்படியில் வைத்துக் கேட்டேன். ஓரமாக நடந்துபோன ஒரு பெண்ணின் தோள்பையில் கண்ணாடி மாட்டி, அந்தப் பெண் விழுந்துவிட்டாள். எழுந்து நின்றதை அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறாள். கார் நிற்கவில்லை.

"என்ன சத்தம்?" என்று அப்பா கேட்டாராம்.

"பள்ளம்" என்று சொல்லிவிட்டாள்.

"சொல்லிடாதடி. தெரிஞ்சா அவரு உடைஞ்சிடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. என்னால் உதற முடியவில்லை.

லைசென்ஸ் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அப்பாவின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு லைசென்ஸை நிறுத்திவிடுவார்களாம். விசாரித்துவிட்டேன்.

தங்கை


மே 18

தங்கைக்கு,

அந்தப் பெண் எழுந்துவிட்டாள் அல்லவா? அப்படியென்றால் பள்ளமாகவே இருக்கட்டும்.

பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுக்கவா லீவு போட்டு டிரைவிங் படிக்கிறாய்? நான்கு மாதம் பொறு. என்னைக் கேட்காமல் அந்த அலுவலக வாசல் ஏறினால், இனி எனக்கு எழுதாதே.

அண்ணன்


மே 29

அண்ணா,

முதலில் அப்பாவிடமே பேசினேன். நீ சொன்ன பக்குவமெல்லாம் எனக்கு வரவில்லை. "உங்களுக்குக் கண் தெரியலப்பா" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, "வா, ஓட்டிக் காட்டறேன்" என்று கிளம்பிவிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்தேன். என்ஜினைப் போட்டார். கார் நகரவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லு" என்றார்.

"என்னப்பா?"

"வாசல்ல யாராச்சும் இருக்காங்களான்னு சொல்லு. உங்கம்மா களைச்சுப் போயிட்டா. இனிமே நீ வா."

சந்தோஷமாகச் சொன்னார், அண்ணா. ஒரு வழி கிடைத்துவிட்ட சந்தோஷம். வாசலில் யாரும் இல்லை. 'போங்கப்பா' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை சுலபம். வாயைப் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவரே என்ஜினை அணைத்தார்.

இன்று காலை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு என்ற இடத்தில் மகள். அப்பா பெயருக்கு வீட்டுக்குக் கடிதம் வருமாம். அம்மாதான் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தைத்தான் நினைக்க முடியவில்லை.

நாளைக் காலை எட்டரைக்கு வாடகைக் காருக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மா ஏறுவாளா, தெரியாது.

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

அலுவலகத்திலிருந்து வெளியே வந்து பஸ் பிடித்தேன். பதினொரு மணி டிரைவிங் வகுப்புக்குப் போனேன்.

தங்கை