ஜவ்வாதுக்கு நீ அனுப்பிய மாத்திரை

காரைக்கால்
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் ஷகீலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் வாப்பாவும் சுகம். நீ ஷார்ஜாவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், ஆனாலும் துஆவில் குறை வைக்கவில்லை.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். குரலில் பேசி அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் தங்கை நௌஷின் சொல்லிவிட்டாள். பெற்றவளின் பேச்சை ஓட்டிவிட்டுக் கேட்கிற பிள்ளைக்குக் கடுதாசிதான் சரி. நம் தெரு ஜெகபர் அலி லீவு முடிந்து நாளை மறுநாள் ஷார்ஜா திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவர் எதிரிலேயே பிரித்துக் கடைசி வரி வரைக்கும் படி. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை, மாடி அறை மறுபடியும் ஒழுகுகிறது. வாப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் பள்ளிவாசலுக்கு நடந்துதான் போவேன் என்கிறார், ஆட்டோவைக் கூப்பிட்டால் முறைக்கிறார். நாகூரில் நௌஷின் மகளுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, யார் விரல் கிடைத்தாலும் கடிக்கிறாள். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைத்துவிடாதே.

ஜவ்வாது யார் பூனை என்று உனக்கு நினைவிருக்கிறதா. நீ ஒன்பதாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்குக் கீழே கிடந்த குட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இதை விட்டால் நானும் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று நின்றாய். பெயரும் நீ வைத்ததுதான். பதினான்கு வருஷம் ஆகிறது. நீ விமானம் ஏறிப் போய்விட்டாய், அது இங்கேயே இருக்கிறது, நான் தொழும்போது முசல்லா விரிப்பின் ஓரத்தில் படுத்துக்கொண்டு. போன வருஷக் கடைசியில் அதற்குப் பிசாசுப் பசி வந்தது. ஒரு சட்டி மத்தி மீனைத் தின்றுவிட்டு இன்னும் கொடு என்று கத்தும், பிறகு பாதியைக் கக்கிவைக்கும், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் உட்காராது. தின்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் இருந்துவிட்டேன். தடவிப் பார்த்தால் எலும்பு. நான்கு கிலோவுக்கு மேல் இருந்தது இரண்டரைக்கு வந்துவிட்டது. கண்ணேறு என்று ஓதி ஊதினேன். வாப்பாதான் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த டாக்டரம்மா கழுத்தைத் தடவியே கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார், இரத்தத்தைப் புதுச்சேரிக்கு அனுப்பிப் பார்த்து, தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறது, வயதான பூனைகளுக்கு வருவதுதான், அதனால்தான் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் இதயம் அப்படி அடித்துக்கொள்கிறது என்று சொன்னார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் இந்த இதயம் தாங்காது, சுரப்பைக் குறைக்கிற மாத்திரையைக் காலையும் மாலையும் ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டும், ஒரு வேளைகூட விடாதீர்கள் என்றார். மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே அந்த மாத்திரை கிடைத்தது. மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நானூறு கிராம் ஏறியது, கத்தல் நின்றது, பழையபடி வெயில் பார்த்துத் தூங்கியது.

அப்போதுதான் நீ மூக்கை நுழைத்தாய். ஊர் மருந்தில் என்ன இருக்கிறதோ, சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் இங்கிருந்து நல்ல மருந்தாக அனுப்புகிறேன் என்றாய். நானும் படம் எடுத்து அனுப்பினேன். போன மாதம் ஜெகபர் அலி லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொண்டுவந்தார், பேரீச்சம்பழம், பால்மாவு, சோப்பு, தைலம், நடுவில் அரபியும் இங்கிலீஷும் எழுதிய மாத்திரை டப்பா. சபர் போனவர்கள் அனுப்புகிற வெளிநாட்டுச் சாமான் என்றால் இந்தத் தெருவில் யாருக்குத்தான் கண் மயங்காது. வாப்பா மட்டும் சொன்னார், கேட்கிற மருந்தை ஏன் மாற்றுகிறாய், டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேள் என்று. நான் அவர் மேல் பாய்ந்தேன். பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியிருக்கிறான், இதற்கு மேல் யாரைக் கேட்பது என்றேன். ஊர் மாத்திரையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு உன் மாத்திரையைக் கொடுத்தேன். பன்னிரண்டு நாள், பிசகாமல் இரண்டு வேளை.

பன்னிரண்டாம் நாள் நௌஷின் வந்தாள். ஜவ்வாது குளியலறைத் தரையில் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு நாயைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கை வைத்தால் விலாவில் துடிப்பை எண்ண முடியவில்லை. நௌஷின் டப்பாவை எடுத்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது சுரப்பு குறைவாக இருப்பவர்கள் கூட்டிக்கொள்வதற்கான மாத்திரை. ஏற்கெனவே கூடி எரிகிற உடம்புக்கு மேலும் கூட்டியிருக்கிறேன், குறைத்துக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு. டாக்டரம்மா ஆக்ஸிஜன் வைத்து ஊசி போட்டு மூன்று நாள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். என்னிடம் அவர் கத்தவில்லை. "நல்லாத்தானேம்மா ஏறிட்டு வந்துச்சு, யாருங்க நிறுத்துனது?" என்றுதான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. பூனை துப்பிவிட்டது என்று சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் உன்னைக் காப்பாற்ற ஒரு பெண்பிள்ளையிடம் பொய் சொன்னேன். வாப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரை வந்து, மனசு கேட்காமல் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தால், நீ சீட்டுப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்கிறாய். உன் அறையில் இருக்கிற நெய்னா முகம்மது தைராய்டுக்கு மாத்திரை போடுகிறாராம், அவர் வாங்கும்போது கூட ஒரு டப்பா வாங்கச் சொன்னாயாம். "தைராய்டுன்னா தைராய்டுதானேம்மா, எனக்கென்ன தெரியும்" என்றாய். தெரியாததற்குத்தான் படம் அனுப்பினேன். அதோடு விட்டாயா. "வயசாயிடுச்சு, எத்தனை நாளைக்குத்தான் இருக்கும், வரும்போது பெர்ஷியன் குட்டி வாங்கித் தரேன்" என்றாய். போனை நான்தான் வைத்தேன், அது நெட்வொர்க் செய்த வேலை இல்லை. வயதாகி உடம்பு கெட்ட ஒன்றுக்கு வைத்தியம் பார்ப்பது உனக்கு வீண் வேலையாகத் தெரிகிறதா. அப்படியென்றால் அதை இந்த வீட்டில் சொல்லாதே, இங்கே இளசு யாரும் இல்லை.

இப்போது மறுபடியும் பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுக்கிறோம். கொஞ்சம் தின்கிறது, எழுந்து முற்றம் வரை போகிறது. ஆனால் ஏறிய நானூறு கிராமும் போய்விட்டது, இரத்தத்தில் சிறுநீரகக் கணக்கும் நன்றாக இல்லையாம், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். உன் லீவு வரை இருக்குமா என்று கேட்டேன், அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். உன் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க நினைக்கவில்லை. நீ படிக்காமல் அனுப்பினாய், நான் கேட்காமல் கொடுத்தேன். என் கையிலிருந்து மீன் என்று நம்பித்தான் தின்றது. அதை நினைத்து என் மேல் வருகிற கோபத்தில் பாதியைத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்டுக்கொள். குட்டி வேண்டாம், பணமும் அனுப்பாதே. டாக்டரம்மாவின் நம்பரை நௌஷின் உனக்கு அனுப்புவாள், நீயே போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேள், இனி என்ன செய்ய வேண்டும் என்றும் கேள். நேரத்துக்குத் தூங்கு, வெளிச்சோறு அதிகம் வேண்டாம், ஃபஜ்ர் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், நல்ல நிதானத்தையும் தரட்டும். அந்தப் பெட்டியில் எனக்கு நீ வைத்திருந்த பிரஷர் மாத்திரையை மருந்துக்கடையில் காட்டினேன், சரியான மாத்திரைதான் என்றார்கள். ஆனாலும் அதைப் போட எனக்குக் கை வரவில்லை, இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். ஆறு வருஷமாக நீ அனுப்பியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவள் நான்.

துஆவுடன் உன் உம்மா,
ரோஷன் பேகம்