கொக்கி தாவிய நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாடிப்படியைக் கண்டால் மட்டும் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. நீங்கள் மூவரும் நலம் என்றே நம்புகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. பதினான்கு மாதமாகியும் பிள்ளை நடக்கவில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே ஓடுகிறது என்று நீ அழுததில் அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் போனில் பேச்சு வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் விலங்குப் பூங்காவில், தாய் செத்துப்போன குரங்குக் குட்டி ஒன்றை நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து வந்தேன். எதைக் கண்டாலும் பிடித்துத் தொங்குவதால் கொக்கி என்று பேர் வைத்தோம். வாளியின் காது, பூங்காவின் கால்நடை டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப், எதையும் விடமாட்டான். பிடிப்பதில் சூரன், நாலு அடி எடுத்து வைப்பதற்குள் நாற்பது யோசனை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் வயதுக் குட்டிகள் கிளைக்குக் கிளை பாயும், இவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "இவனுக்குக் கால்ல ஏதோ கோளாறு, கூட்டத்துல விட்டா பிழைக்க மாட்டான், தனிக்கூண்டுலயே வச்சிடலாம்" என்றார். தனிக்கூண்டு என்றால் ஆயுசு முழுக்க.

உடனே நான் வாத்தியார் வேலையில் இறங்கினேன். பழத்தை எதிர்க் கிளையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தாவுடா என்று உந்திவிட்டேன். தாவவில்லை, விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம். இரண்டு நாள் என் கையால் பால் குடிக்காமல் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தையல் போட்ட டாக்டரம்மா என்னை ஒரு பிடி பிடித்தார். "யாரு உங்களை அவசரப்படச் சொன்னது? அவன் காலைத் தொட்டுப் பாருங்க. கையும் பாதமும்தான் கனம், தொடையில சதையே இல்ல. தாயைப் பிடிச்சுத் தொங்குறதுக்கு அமைஞ்ச உடம்பு. நுனி கனமா இருக்கிற கம்பை வேகமா வீச முடியுமா? அந்த மாதிரிதான் அவன் காலும். மத்த குட்டிங்களைவிட வளர்த்தி கம்மி, அவ்வளவுதான். தொடையிலயும் தோள்லயும் சதை ஏறட்டும், அவனே தாவுவான்" என்றார். மேலாளரிடம் பேசி மூன்று மாத அவகாசமும் வாங்கித் தந்தார்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் எடை பார்த்தேன், அம்மாவின் தையல் டேப்பால் தொடையை அளந்தேன். ஐந்து வாரம் ஒன்றுமில்லை. ஆறாவது வாரம் டேப் ஒரு கோடு நகர்ந்தது, நான் ஆடாத குறை. பத்தாவது வாரம் அவன் கூண்டில் ஏறி விளையாடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது தோளில் இருந்தவன் ஓர் உந்து உந்தினான், என் கழுத்து சுளுக்கிக்கொண்டது, நிமிர்ந்து பார்த்தால் எதிர்க் கிளையில் இருக்கிறான். யாரும் கூப்பிடவில்லை, பழமும் வைக்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம், கீழே பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தாவினான். போன வாரம் கூட்டத்தில் விட்டோம். பெரிய பெண் குரங்கு ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தது.

குரங்கையும் பேரனையும் ஒன்றாகப் பேசுகிறேன் என்று அம்மா திட்டுகிறாள். உங்கள் டாக்டர் இடுப்பும் காலும் நன்றாக இருக்கின்றன என்றாராமே, அடுத்த மாதம் மறுபடி காட்டச் சொன்னதைத் தவறவிடாதே. மற்றபடி அந்தக் கொழுகொழு உடம்பைத் தூக்கி நிறுத்த அவன் கால்களுக்குக் கொஞ்சம் நாள் கொடு. உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீயும் பதினாறு மாதம்வரை நடக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் நான் கையைப் பிடித்து இழுத்ததில் உன் முழங்கை பிசகிவிட்டது, அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது, இருந்தும் அதே தப்பைக் கொக்கியிடம் செய்தேன் பார். என்னை மன்னித்துவிடு மகளே.

இப்போது வலைக்கு வெளியே நின்று கூப்பிட்டால் கொக்கி வருவதில்லை, ஒரு தரம் திரும்பிப் பார்ப்பதோடு சரி. இதை வீட்டில் சொன்னேன், நம்ம பொண்ணும் அப்படித்தானே போனாள் என்றாள் அம்மா. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரன் கை நீட்டும்போதெல்லாம் தூக்கிக்கொள், மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா