இரண்டாவது சார்ஜர்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நலமா என்று கேட்பது கடிதத்துக்கு மரியாதை, அதனால் கேட்டுவிட்டேன். நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் நான்கு மாதம். அன்று செவ்வாய்க்கிழமை. நீலக்கோடு போட்ட சட்டை, இடது கையில் பட்டன் இல்லை. பைக்கை எடுக்க வருவேன் என்று உங்கள் மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

அந்தப் பைக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். பின்பக்கக் கொட்டகையில் கிடந்த நீங்கள் மண்ரோட்டில் ஓட்டிய பைக்கை உங்கள் மகள் பிரித்துப் போட்டிருக்கிறாள். துருப்பிடித்து இறுகிய இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டார் வைத்துக் கரண்டில் ஓட வைக்கப் போகிறாளாம். பேட்டரிக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பவர் தெருமுனை வெல்டர். நம் வீட்டு வாசல் கேட்டைக் கோணலாக வைத்த அதே ஆள்தான்.

சமையலறை அலமாரிக் கதவில் செலவுப் பட்டியலை ஒட்டியிருக்கிறாள். மோட்டார் இருபத்தெட்டாயிரம். மோட்டாரை அடக்கி ஓட்டுகிற கன்ட்ரோலர் பதினொன்று. பேட்டரி ஐம்பத்திரண்டு. சங்கிலி, பல்சக்கரம், ஒயர் எல்லாம் சேர்த்து ஆறு. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றது, கூட்டல் நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் வருகிறது.

இவ்வளவு பெரிய பேட்டரி எதற்கடி என்றேன். மணல்மேட்டில் ஏறி இறங்கத்தான் என்றாள். மணல்மேடு இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். வெல்டரைத் தனியாகப் பிடித்தேன். "அதுக்கு இதுல பாதி போதும்மா, சொன்னா கேக்க மாட்டேங்குது. இது மேடு ஏற வாங்குற பேட்டரி இல்ல, தூரம் போக வாங்குறது" என்றார். மெதுவாகப் போனால் எழுபது கிலோமீட்டர் தாங்குமாம்.

அடுத்தது சார்ஜர். பட்டியலில் இரண்டு இருக்கிறது. ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டுமே பாட்டி என்று காது மடலைத் தடவிக்கொண்டே சொன்னாள். பொய் சொல்லும்போது காதைத் தடவுவது யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று இந்த வீட்டுச் சுவருக்கு. மற்றது எந்த வீட்டுச் சுவருக்கு?

உங்கள் ஊர் அறுபத்திரண்டு கிலோமீட்டர். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நீங்கள் போன மறுவாரம் பஸ் நிலையத்தில் விசாரித்தேன், அவ்வளவுதான்.

நீங்கள்தான் பணம் அனுப்பிப் பெண்ணை இழுக்கிறீர்கள் என்று நினைத்து அவள் பையைத் துழாவினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருந்தது. உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. உங்களுக்கு எழுதித் தபாலில் போடாத கடிதங்கள் மூன்று இருந்தன. விலாசம் அதில் கிடைத்ததுதான். ஒன்றை மட்டும் படித்தேன். "பைக்க எடுக்க வர்றேன்னு சொன்னீங்க. வரல. நானே கொண்டு வர்றேன்" என்று எழுதியிருக்கிறாள்.

பட்டியலில் பிரேக் இல்லை. பழசே போதுமாம். அதே முன்பிரேக் பிடிக்காமல்தான் நீங்கள் பாலத்தடியில் விழுந்து, ஐந்து வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தீர்கள். சோறு பிசைந்து கொடுத்தது நான். புது பிரேக்குக்கு வெல்டரிடம் பணம் கொடுத்துவிட்டேன், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கும் இது எதுவும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, என் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு என்னையே எதிர்த்துப் பேசுவதா என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறது. உங்கள் பேச்சை மட்டும் மனதில் முடிந்து வைத்திருக்கிறேன் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு வண்டி தயாராகிவிடும். அதற்குள் நீங்களே பஸ் ஏறி வந்துவிட்டால், அவள் அத்தனை தூரம் லாரிகளுக்கு நடுவே வர வேண்டாம். கொட்டகையை நான் பூட்டுவதில்லை. வர மனமில்லை என்றால், அன்று வீட்டில் இருங்கள். வாசல் பக்கத்து பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள். அவள் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கக் கூடாது.

என் ஆசீர்வாதம் உங்கள் மகளுக்கு. மிச்சம் இருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
மாமியார்