உன்னை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை

சாந்தியாகோ,
நவம்பர் 18, புதன்கிழமை

அன்புள்ள நெமேசியோவுக்கு,

நான் நலம். இரத்த அழுத்தமும் நானும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு போகிறோம். உன் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் கணுக்கால் விஷயத்தில் நம்பிக்கை போதாது. வீக்கம் வடிந்ததா என்று எழுதித் தெரிவிக்கவும்.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். உன் அம்மா தொலைபேசியில் சொல்லியிருக்க மாட்டாள். சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நம் தெருவில் உன்னை அடக்கம் செய்தோம். நல்ல கூட்டம்.

பேஸ்பாலில் தோற்ற அணிக்குச் சவப்பெட்டி தூக்குவது நம் ஊரில் புதிதல்ல. நீயே நம் மஞ்சள் அணியில் இருந்தபோது எத்தனையோ தடவை தலைநகரத்தின் நீல அணிக்குத் தூக்கியிருக்கிறாய். ஓர் ஆட்டக்காரனுக்கென்று தனியாகத் தூக்கியது நான் அறிய இதுவே முதல் தடவை. அதை மரியாதையாகவே எடுத்துக்கொள். பெட்டி, மூலைக்கடைக்குப் புதிதாக வந்த குளிர்சாதனப் பெட்டியின் அட்டை. கறுப்பு அடித்து, உள்ளே உன் பதினான்காம் எண் மஞ்சள் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் தோன் தீவோ கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். வேன் ஓட்டும் நாந்தோ பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மேசோ, போயிட்டியேடா, அதுவும் போயும் போயும் தலைநகரத்துக்கா போவ?" என்று தெருமுனை வரை அழுதான். முதலில் நடிப்பு. முனை திரும்பியபோது அவனுக்கு நிஜமாகவே மூக்கு ஒழுகியது. கைக்குட்டை கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.

இஞ்சித் தேநீரில் சர்க்கரை அதிகம். மெழுகுவர்த்தி மூன்றுதான் ஏற்றியிருந்தார்கள். நான்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிவரச் செய்தேன். துக்க வீடு என்றால் ஒழுங்கு வேண்டும்.

நீ அணி மாறியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். உன் மனைவி தலைநகர மருத்துவமனையில் செவிலி. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு மணி நேரம் பயணம் செய்வது கடினம். ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் அழைத்தார்கள், நீ போனாய். இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை அறிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் தெரியுமா? தோன் தீவோவின் கடையில், ஆறு முட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது, வானொலியில். "நீலச் சட்டை எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று உன் குரல் சிரித்துக்கொண்டே சொன்னது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். முட்டைகளை உடைக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். அதற்கு எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது என்பதை உனக்கு விளக்கப் போவதில்லை.

ஆகவே தோன் தீவோ வந்து, "தோன்யா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம். செபமாலை மட்டும் நீங்க சொல்லணும். உங்க அளவுக்கு முறையாச் சொல்ல இந்தத் தெருவுல யாரு இருக்கா?" என்று கேட்டபோது, மறுக்க வேண்டிய நான் மறுக்கவில்லை. கோபம் ஒரு காரணம். முறையாகச் சொல்வேன் என்று அவர் சொன்னது இன்னொரு காரணம்.

தவறு அங்கேதான் நடந்தது. அதை நானே எழுதிவிடுகிறேன்.

வேடிக்கையாக இரண்டு வரி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்து முடித்துவிடுவதாகத்தான் எண்ணம். உன் அம்மா வீட்டுக்கு எதிரே பெட்டியை இறக்கினார்கள். நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான். அங்கே செபத்தை விளையாட்டாகச் சொல்லக் கற்றுத் தரவில்லை. பாதியில் நிறுத்தவும் கற்றுத் தரவில்லை. தொடங்கினேன், வாய் தன் வழியில் போய்விட்டது. இறந்தவர்களுக்கான மன்றாட்டு முழுவதையும் சொன்னேன். அதில் பெயர் சொல்லும் இடம் வந்தது. மேசோ என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நான், நெமேசியோ அந்தோனியோ தவாரெஸ் பெனாவின் ஆன்மா நித்திய இளைப்பாறுதல் அடைய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த முழுப் பெயரை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் உரக்கச் சொல்லியிருக்கிறேன். ஞானஸ்நானத் தொட்டி அருகே, உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு.

நாந்தோ தொப்பியைக் கழற்றினான். எதிர் வீட்டில் உன் அம்மா ஒனெய்தா சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆட்டத்தைக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பேஸைச் சுற்றி ஓடும்போது நீ விழுந்தாய். தோன் தீவோ கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். நீ நொண்டிக்கொண்டு வெளியே போகும் வரை கடையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதியில் உன் அம்மா அவள் வீட்டில் வீறிட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்றே போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே, "ஞானத்தாயே புள்ளைய மண்ணுல போட்டுட்டா, நான் யாருகிட்ட போயி அழுவேன், தோன்யா எர்மீனியா?" என்றாள். நீ பிறந்ததிலிருந்து இருபத்தேழு வருடமாக அவள் என்னை, பிள்ளையின் ஞானத்தாய் என்ற உறவுமுறையில், கொமாத்ரே என்றுதான் அழைத்திருக்கிறாள். நான் கடுமையாகப் பேசிய நாட்களிலும் அப்படித்தான் அழைத்தாள். உன் ஞானத்தந்தை, என் கணவர் எமீலியோ இறந்த வாரத்தில் ஒவ்வொரு மாலையும் என் சமையலறையில் வந்து நின்று, "கொமாத்ரே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றவள். இப்போது தபால்காரர் மாதிரி, தோன்யா என்று மரியாதை போட்டு என் முழுப் பெயரைச் சொல்கிறாள்.

பங்குத் தந்தையிடம் போனேன். அவர் தலைநகரத்துக்காரர், உள்ளூர நீலம். முழுவதையும் கேட்டுவிட்டு, "உயிரோட இருக்கறவனுக்குச் சொன்ன செபம் வீணாப் போகாது தோன்யா. அது மேல பத்திரமா இருக்கும். அவன் தொண்ணூறு வயசுல போறப்ப எடுத்துக்கலாம்" என்றார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். அவர் சொன்னதை ஒனெய்தாவின் கதவருகே நின்று வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். அவள் கதவின் மறுபக்கம் வந்து நின்றாள். பிறகு, "சாமியார் சொல்றது இருக்கட்டும். அவன் ரெண்டு கால்ல இந்தத் தெருவுல நடந்து வரணும். நான் பாக்கணும். அது வரைக்கும் என் கதவத் தட்டாதீங்க" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன்.

வருகிற சனிக்கிழமை உன் ஒன்பதாம் நாள். முறைப்படி அன்று துக்கத்தை முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அணிக்கு இங்கே ஆட்டம் இருப்பதால் எப்படியும் ஊருக்கு வருகிறாய். ஒரு நாள் முன்னதாக, மாலை நான்கு மணிக்கு, நம் தெருவுக்கு வா. ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஆறு வாரமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவுக்குப் பயந்துதான் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெருவோடு நான் பேசிவிட்டேன். யாரும் எதையும் எறிய மாட்டார்கள். நீலச் சட்டையோடு வரக்கூடாது என்று தோன் தீவோ நிபந்தனை போட்டார். அதற்கு நாந்தோ, "பொணமே எழுந்து நடந்து வருதாம், அது எந்தக் கலர்ல வந்தா உங்களுக்கு என்ன?" என்று கேட்டான். கடை முழுவதும் சிரித்தது. கடைசியில் தொப்பி மட்டும் நீலமாக இருக்கலாம், வாசலில் கழற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

குழந்தையையும் அழைத்து வா. அவளுக்கு நீலம் உடுத்தாதே. அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வேனிலிருந்து தெருமுனையிலேயே இறங்கிவிடு. வீட்டு வாசல் வரை நடந்து வர வேண்டும். கால் வலித்தால் மெதுவாக நட, உன் அம்மா நிதானமாகப் பார்க்கட்டும். ஒனெய்தா கதவைத் திறந்ததும் நான் முன்னால் வந்து, எல்லோர் எதிரிலும், அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். எனக்கு அதில் பழக்கம் இல்லை. கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், சுருக்கமாகத்தான் வருகிறது. அவளுக்கு அது போதாது என்று தோன்றினால் நீ பக்கத்தில் நின்று ஏதாவது சொல். உன் பேச்சை அவள் கேட்பாள்.

ஒரு விஷயத்தில் உனக்குக் குழப்பம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் என் வழக்கமான இடத்தில் மஞ்சளில் உட்கார்ந்திருப்பேன். நீ மட்டையோடு வரும்போது மற்றவர்களோடு சேர்ந்து கூச்சல் போடுவேன். என் குரல் உனக்குத் தனியாகக் கேட்கும்.

இந்தக் கடிதத்தை நாந்தோ உன் கையில் தருவான். அவனுக்குக் காபி கொடு. பதிலை அவனிடமே கொடுத்து அனுப்பு. "வருகிறேன்" என்ற ஒரு சொல் போதும். அதை உன் அம்மாவின் கதவின் அடியில் நான் தள்ளிவிடுகிறேன், தட்ட மாட்டேன்.

ஆண்டவர் உன் கால்களையும் உன் பிள்ளையையும் உன் நீண்ட ஆயுளையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தை உயரமாக, தூரமாக, பார்க்க அழகாக அடி. அது கீழே வரும்போது பிடிக்க எங்கள் ஆள் ஒருவன் நிற்கட்டும்.

உன் ஞானத்தாய்,
எர்மீனியா