இருபத்துமூன்று மணி இருபது நிமிடம்

6 அக்டோபர் 2014, திங்கள்

இன்று காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு, வான்கோழித் தொழிற்சாலையின் நேரக் குமாஸ்தாவும், மணமாகாதவனும், அறுபத்தொரு வயதுக்காரனும், மினசோட்டாவின் இந்த மூலையில் எக்செல் அறிந்த ஒரே மனிதப் பிறவியுமான லோவெல் ட்வெய்ட் ஆகிய நான், கடவுளுக்கு அடுத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். மேலாளர் டுவேன் தன் கையாலேயே காபி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் காபி. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் காபி.

விஷயம் இதுதான். வெட்டும் வரிசையை விட்டு யார் வெளியே போனாலும் திரும்பி வந்தாலும் கதவில் அட்டையைத் தேய்க்க வேண்டும். அந்த நேரங்களெல்லாம் இதுவரை கணினிக்குள் குப்பையாய்க் கிடந்தன. நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள். நாடே வான்கோழி தின்னும். அதுவரை வரிசை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது, யார் எவ்வளவு நேரம் ஒதுங்குகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார் டுவேன்.

ஒரு மதியத்தில் முடித்தேன். உள்ளே வந்த நேரத்திலிருந்து வெளியே போன நேரத்தைக் கழித்தால் ஒதுங்கிய நேரம். அதன் மேல் ஒரு நிபந்தனைக் கூட்டல்: இந்தப் பெயர், இந்த வாரம், சாப்பாட்டு நேரம் நீங்கலாக. மூன்றும் பொருந்தினால் மட்டும் கூட்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் மூத்திரம் ஒரே வரியில் அடங்கியது. உலகை வென்றவர்கள் குதிரை மேல் போய் வென்றார்கள். நான் சுழல் நாற்காலியில்.

வாரத்துக்கு எழுபத்தைந்து நிமிடம் தாண்டினால் பெயர் சிவப்பாகும். இரண்டு மணி நேரம் தாண்டினால் திங்கள் காலை ஆறு மணிக்கு வேலைநீக்கக் கடிதம் தானாகவே அச்சாகும், அட்டை செத்துப்போகும். கடிதத்தின் வாசகமும் அடியேனுடையதே. 'உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும்' என்று முடித்திருக்கிறேன்.

7 அக்டோபர்

ஒரு சிறு கலகம். இரவு வேலைக்காரர்கள் 11:55-க்குப் போய் 12:05-க்கு வருகிறார்கள். நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கட்டம் முழுக்க வேலிக் கம்பி மாதிரி குறிகள். எட்டு நிமிடத்தில் அடக்கினேன்: விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒரு முழு நாளைக் கூட்டிவிடு. பத்து நிமிடம், பத்து நிமிடமாகவே வந்து நின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தைத் தானம் கொடுக்கிற வள்ளல் இந்த மாவட்டத்தில் வேறு யார்?

13 அக்டோபர்

முதல் பட்டியல். சாப்பாட்டு அறைச் சுவரில் நானே ஒட்டினேன். சும்மா ஒட்டினால் சப்பென்று இருக்கும் என்று முதல் ஐந்து பேருக்குப் பட்டம் கொடுத்தேன். 96 நிமிடம் எடுத்த ஒடாலிஸ் என்ற குவாத்தமாலாக்காரிக்கு 'கழிப்பறைப் பேரரசி'. ஆண்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மாரிட் சிரிக்கவில்லை. என் அக்கா மகள். இரவு வரிசையில் கத்தி பிடிக்கிறாள். முப்பத்தொரு நிமிடம், கறுப்பு எழுத்து, குடும்ப மானம் காத்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம். உள்ள இருக்கறது மூத்திரப்பைய உதைக்குது. அவ என்ன பண்ணுவா?"

"குழந்தைக்கும் ஒரு அட்டை வாங்கிக் குடுக்கச் சொல்லு. தனி வரி போட்டுடறேன்."

நல்ல பதில்தான். ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்?

20 அக்டோபர்

ஒடாலிஸ், 127 நிமிடம். கடிதம் அச்சாகிவிட்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருப்பதையும், அவள் நடையில் போக ஐந்து, வர ஐந்து ஆவதையும் சொன்னாள். ஒரே ஒரு தடவையை எடுத்துவிட்டால் நூற்றுப்பதினைந்து ஆகிவிடுமாம். கணக்குத் தெரிந்த பெண்.

"ஒண்ணே ஒண்ண அழிச்சிடுங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?"

அட்டவணைக்கு வயிறு தெரியாது என்றேன். அவள் போன பிறகு, இப்படி ஆளாளுக்கு வந்து நின்றால் ராஜ்யம் நடத்த முடியாது என்று ஒரு சாசனம் எழுதினேன்: 'கட்டத்தில் எவரும் கை வைக்கலாகாது. அட்டவணைக்கு மாமன் மச்சான் கிடையாது.' டுவேன் படித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையெழுத்துப் போட்டார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டியலுக்கு மேலே தொங்குகிறது. அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு மாதிரி அதற்கு ஒரு கம்பீரம்.

26 அக்டோபர், ஞாயிறு

கோபமெல்லாம் இருந்தாலும் மாரிட் வழக்கம்போல உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட கறிப் பாத்திரத்தோடு வந்தாள். மகள் இங்காவும் வந்தாள். ஏழு வயது. சாப்பிடும் முன் சட்டையைத் தூக்கித் தானே வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள், நான் பென்சில் சீவுவதைப் போல. மாரிட்டின் புருஷன் வடக்கு டக்கோட்டாவுக்கு எண்ணெய்க் கிணறு தோண்டப் போனவன் பூமியின் மறுபக்கம் வரை தோண்டிவிட்டான் போல, திரும்பவில்லை. அந்த ஊசி மருந்து தொழிற்சாலைக் காப்பீட்டில் வருகிறது. அதற்காகத்தான் மாரிட் இரவெல்லாம் வான்கோழி வெட்டுகிறாள். வேறு எந்தக் காரணமும் இல்லை என்று அவளே சொன்னாள்.

30 அக்டோபர்

ஒடாலிஸ் வழக்கறிஞர் வைத்திருக்கிறாள். டுவேன் ஒரு கடிதம் கேட்டார். எழுதிக் கையெழுத்திட்டேன்: 'இந்த அட்டவணை ஒருபோதும் தவறியதில்லை. ஒருபோதும் கையால் திருத்தப்பட்டதில்லை.' என் கையெழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டமாகவே இழுத்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

மாரிட்டின் அம்மா, என் ஆர்டிஸ் அக்கா, அரிசோனாவிலிருந்து கூப்பிட்டாள். குளிர்காலத்துக்கு நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பதும் வசந்தத்தில் முன்னால் தள்ளுவதும் அவளுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை கேலி.

"இன்னிக்குக் கடிகாரத்தத் திருப்பி வெச்சீங்களாடா? நேத்து வரைக்கும் எங்களுக்கு ரெண்டு மணி நேரம் முந்தி இருந்தீங்க, இன்னிக்கு ஒண்ணுதான். நாங்க இங்க கடிகாரத்தத் தொடறதே இல்ல. சூரியன் சொல்றத அப்படியே நம்புறோம்."

மாரிட் வரவில்லை, பாத்திரமும் வரவில்லை. ராத்திரி வரிசையில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டாளாம், தூங்குகிறாளாம். அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

3 நவம்பர்

முதலில் சிரித்தேன். இதை மறைக்க மாட்டேன்.

பட்டியலின் உச்சியில் மாரிட். சனி இரவு ஒரே தடவையில் இருபத்துமூன்று மணி இருபது நிமிடம் வெளியே. எட்டு மணி நேர வேலையில்! இப்படி ஒரு மூத்திரத்தை இந்தக் கண்டமே கண்டதில்லை, ஏரிகள் நிரம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வரியைத் திறந்தேன்.

வெளியே: 1:50. உள்ளே: 1:10.

விரல் வெட்டுப்பட்டு 1:50-க்கு நர்ஸ் அறைக்குப் போயிருக்கிறாள். பத்து நிமிடம் கழித்து இரண்டு மணி. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிற்று. மேலும் பத்து நிமிடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கதவு 1:10 என்று எழுதிக்கொண்டது. கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது நிமிடம். நள்ளிரவைத் தாண்டியிருக்கிறாள் என்று எண்ணி என் ஃபார்முலா ஒரு முழு நாளைத் தானம் செய்துவிட்டது.

இருபது நிமிடம். அவள் போனது இருபது நிமிடம்.

அந்த ராத்திரி அவசரத்தில் இடைவேளையே விடவில்லை. ஆகவே அந்த நேரத்தில் வெளியே இருந்தவள் அவள் ஒருத்திதான். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி.

நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒன்பது. ஆறு மணிக்கே கடிதம் அச்சாகி, வேலை முடிந்து வெளியே வந்தவள் கையில் கொடுத்துவிட்டார்கள். எதிர்காலம் சிறக்கட்டும் என்று.

4 நவம்பர்

டுவேன் அறைக் கதவைச் சாத்தினார். நான் சொல்லி முடிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெருசு, நான் என்ன முட்டாளா? ஒருத்தி இருபத்துமூணு மணி நேரம் எங்க போவா? தப்புன்னு நேத்தே தெரியும்."

தெரிந்தால் மாற்றிவிடலாமே என்றேன். அவர் மேசைமேல் இருந்த என் முப்பதாம் தேதிக் கடிதத்தை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"ஒருபோதும் தவறியதில்லை. யாரு எழுதினது? இப்ப உன் அக்கா பொண்ணுக்கு மட்டும் திருத்தினா, ஒடாலிஸோட வக்கீல் என் தோல உரிச்சுத் தொங்கவிடுவான். வெளிய அனுப்பின ஒன்பது பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

பிறகு சாந்தமாகச் சொன்னார். ஒரு வழி, தப்பு என்று நான் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்; அவர் மேலே அனுப்புவார், மாரிட் திரும்பி வருவாள், பொய்க் கடிதம் கொடுத்ததற்கு நான் வீட்டுக்குப் போவேன், ஓய்வூதியம் போகும். இன்னொரு வழி, எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் ஜனவரியில் அவளைப் புது ஆளாக எடுத்துக்கொள்வார். புது ஆளுக்குக் காப்பீடு மூன்று மாதம் கழித்து.

ஓய்வு பெற எனக்குப் பதினான்கு மாதம்தான் இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது?

5 நவம்பர்

மாரிட் வீட்டுக்குப் போனேன். கட்டைவிரல் வெள்ளைக் கட்டோடு தடியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. ஜனவரி பற்றிச் சொன்னேன். நன்றாகவே பேசினேன், கையையெல்லாம் ஆட்டி. டுவேன் வாக்குக் கொடுத்திருக்கிறார், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜனவரி வந்துவிடும் என்றேன்.

"மாமா, எத்தன நிமிஷம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எவ்ளோ?"

"இருபது."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

சமையலறை மேடையில் பென்சில் இருந்தது. இங்காவின் பள்ளிக்கூடப் பென்சில், முனை சீவாதது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பனி விழ ஆரம்பித்துவிட்டது, வண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பனி விழவில்லை.

27 நவம்பர், நன்றித் திருநாள்

கம்பெனி எல்லாருக்கும் ஒரு வான்கோழி கொடுத்தது. பதினாறு பவுண்டு. அடுப்பில் நுழையவில்லை. ரொட்டி தின்றேன்.

12 ஜனவரி 2015

டுவேனிடம் ஜனவரியை நினைவூட்டினேன். தலைமை அலுவலகக் கணினியில் அவள் பெயருக்கு நேரே 'ஒரே தடவையில் 23:20 காணாமல் போனவர்' என்று இருக்கிறதாம். அப்படிப்பட்டவளை எந்தக் கணினி திரும்ப எடுக்கும் என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

9 பிப்ரவரி

நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் கடையில் மாரிட் வேலை பார்க்கிறாள். அங்கே காப்பீடு கிடையாது. ஊசியில் மருந்தைப் பாதி அளவே போட்டு நாளைக் கடத்தியிருக்கிறாள். இங்கா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து மூன்று நாளாக மாவட்ட ஆஸ்பத்திரியில்.

ஒரு கரடி பொம்மை வாங்கிக்கொண்டு போனேன், என் அளவுக்கு உயரம். வேறென்ன வாங்குவது? மாரிட் அறை வாசலில் நின்றாள். என்னையும் கரடியையும் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நிமிஷம். தாண்டினா செவப்பு."

இரண்டே முக்கால் நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பிழைத்துக்கொண்டாள். அதை எழுதியாக வேண்டும். இங்கா பிழைத்துக்கொண்டாள்.

3 மார்ச்

ஐந்து நாளில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். சனி இரவு இரண்டு மணி, மூன்று மணியாகத் தாவும். 1:50-க்குப் போய் இருபது நிமிடத்தில் வருகிறவன் 3:10-க்கு வந்ததாகக் கதவு எழுதும். ஒரு மணி இருபது நிமிடம். ஒரே தடவையில் சிவப்பு.

திருத்துவது சுலபம். ஒரு கட்டம், ஒரு கழித்தல். காபி ஆறுவதற்குள் முடியும்.

ஆனால் ஃபார்முலாவைத் தொட்டால் தொட்ட தேதி கோப்பில் பதிவாகும். ஒடாலிஸின் வழக்கறிஞர் அந்தத் தேதியைப் பார்ப்பார். எதற்காக இப்போது திருத்தினீர்கள் என்பார். நவம்பரில் என்ன ஆயிற்று என்பார்.

6 மார்ச்

அறிவிப்பு ஒட்டினேன். பட்டங்கள் எதுவும் இல்லை. 'சனி இரவு ஒரு மணி முதல் மூன்று மணி வரை எவரும் வரிசையை விட்டு நகரக் கூடாது.' காரணம் எழுதவில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை. இப்போதெல்லாம் என் மேசைக்கு யாரும் வருவதில்லை.

9 மார்ச், திங்கள்

பட்டியலில் ஒரு சிவப்பும் இல்லை. டுவேன் மறுபடியும் காபி கொண்டுவந்தார். இந்தத் தடவை சூடாக இருந்தது.

தரை கழுவுகிற கிழவர் ஆடம், ஞாயிறு விடியற்காலை நான்காம் வரிசையின் கோடியில் தண்ணீர்க் குழாயை இரண்டு தடவை பிடிக்கவேண்டியிருந்தது என்றார். கோழி ரத்தமா என்று கேட்டேன்.

"ரத்தமே இல்ல," என்றார்.

யார் என்று கேட்டேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று கடிகாரம் மாறிய நாள். ஆர்டிஸ் அக்கா கூப்பிடவில்லை. இன்றும் இல்லை. இங்கே காலை பத்தேகால். இன்றிலிருந்து மறுபடி இரண்டு மணி நேர வித்தியாசம். அவள் ஊரில் இப்போது மணி என்ன என்று கழித்துப் பார்த்தேன்.

எட்டேகால். சரியாக வந்தது.